படகோட்டி விழுந்த வரி

தென்காசியில் செங்கோட்டைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்தப் பீடிக் கடை இருந்தது. அதில் துல்கர்னைனுக்கென்று, பீடி சுற்ற மடியில் வைக்கும் முறமாக, ஒரு சுளகு உண்டு. மற்றவர்களின் சுளகுகளைப் போலவே அதிலும் வெட்டிய இலை, தூள், நூல், கத்தரி எல்லாம் இருக்கும். ஆனால் அவர் கை அவற்றைத் தொடுவது அபூர்வம். மற்றவர்கள் பீடி சுற்றும்போது பத்திரிகையும் கதையும் வாசித்துச் சொல்பவர் அவர். சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்கள் தாங்கள் சுற்றிய பீடியில் ஆளுக்கொரு பிடி எடுத்து அவர் சுளகில் போட்டுக்கொண்டே வருவார்கள். சாயங்காலம் முதலாளி முகம்மது இஸ்மாயில் வந்து பார்க்கையில் அதுவும் மற்றவற்றைப் போல நிறைந்திருக்கும். இதை யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவர் முதன்முதலாக வாசித்த நாளில் வேல்சாமி ஒரு பிடி அள்ளிப் போட்டார். பக்கத்து ஆள் பார்த்தார், அவரும் போட்டார். அவ்வளவுதான்.

அவருடைய வாசிப்பைப் பெரிதாகப் புகழ்வதற்கில்லை. ஏற்ற இறக்கம் கிடையாது. அரசன் பேசினாலும் அரக்கன் பேசினாலும் ஒரே குரல்தான். அச்சில் இருந்ததை இருந்தபடி வாசிப்பார், அது ஒன்றுதான் அவரிடம் இருந்த சிறப்பு. கடினமான சொல் வந்தால் தாண்ட மாட்டார். பிடிக்காத செய்தியைச் சுருக்க மாட்டார்.

"பேப்பர்காரன் பொய் சொன்னாலும் அண்ணாச்சி அந்தப் பொய்ய மாத்தாமத்தாம் படிப்பாரு" என்பார் குற்றாலிங்கம். இலை வெட்டுகிறவர் அவர், கடையில் வாயாடி.

"பொய்யின்னு உமக்கு எப்படிவே தெரியும்?" என்று யாராவது கேட்டால், "எனக்குப் புடிக்கலன்னா பொய்யி" என்பார்.

துல்கர்னைன் தமிழ் வாசிக்கப் பழகியது ரங்கூனில். ஜவுளிக் கடை வேலைக்கு அவரும் தம்பி ஆதமும் சேர்ந்துதான் கப்பல் ஏறினார்கள். ஜப்பான்காரன் குண்டு விழத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கானவர்களோடு மலை வழியாக நடந்து திரும்பினார்கள். பாதி வழியில் ஆதமுக்குக் காய்ச்சல் கண்டது. "நீ தண்ணி கொண்டா, நா இங்கனயே இருக்கேன்" என்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தான். துல்கர்னைன் தண்ணீரோடு திரும்பி வந்தபோது மரம் இருந்தது, ஆதம் இல்லை. ஊருக்கு வந்து தாயிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இறந்துவிட்டான் என்று சொல்ல அவர் பார்க்கவில்லை. இருக்கிறான் என்று சொல்லவும் பார்க்கவில்லை. "காணாமப் போயிட்டாம்மா" என்றார். அந்தச் சொல் அதற்குப் பிறகு அந்த வீட்டைவிட்டுப் போகவே இல்லை. மௌத்தான நாள், இறந்த நாள், தெரியாதவனுக்கு எந்த நாளில் ஃபாத்திஹா ஓதுவது? தாய் கண்ணை மூடும்வரை வாசல் கதவைத் தாழிட விடவில்லை.

இதையெல்லாம் அவர் கடையில் சொன்னதில்லை. கடைக்கு அவர் கொண்டுவந்தது குரலை மட்டும்தான்.

காலையில் பத்திரிகை, மத்தியானத் தேநீருக்குப் பிறகு கதை. ஐம்பத்தெட்டாம் வருஷ வாக்கில் 'ஏழு திசை மகுடம்' என்றொரு பெருங்கதை பாகம் பாகமாக வரத் தொடங்கியது. ஒரு மகுடம் ஏழு துண்டாக உடைந்து ஏழு திசைக்குப் போய்விடுகிறது. அதைத் தேடி ஓர் இளவரசன் கிளம்புகிறான். பேசும் பறவைகளும், இறங்கினால் வயது குறைந்துவிடும் ஏரிகளும் வந்தன. எழுதியவருக்குக் கற்பனை தாராளம், அடக்கம் கொஞ்சம் குறைவு. ஆனால் முதல் பாகத்திலேயே அவர் ஓர் ஆளை நன்றாகப் படைத்துவிட்டார். இளவரசனை ஆற்றைக் கடக்க வைக்கும் படகோட்டி, பெயர் கொற்றன். என்ன பரிசு வேண்டும் என்று இளவரசன் கேட்கிறான். "என் துடுப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் போதும்" என்கிறான் கொற்றன்.

அதைக் கேட்டதும் வேல்சாமி சுளகைத் தட்டிச் சிரித்தார். "ஏலே, எம் பய மாரியில்லா பேசுதான்!"

வேல்சாமியின் ஒரே மகன் சுடலைமாடன். நெடுநெடுவென்று இருப்பான், யாருக்கும் வளைய மாட்டான். கடைக்கு இலைமூட்டை இறக்க வந்தால், "எல்லாரும் தள்ளி நில்லுங்க, நானே எறக்குதேன்" என்பான். அறுபதில் பட்டாளத்துக்குப் போனான். அதற்குப் பிறகு கதையில் கொற்றன் வரும்போதெல்லாம் கடையில் எல்லாரும் வேல்சாமியைத்தான் பார்ப்பார்கள். "ஒம்ம மவன் வந்துட்டாம்வே" என்பார் குற்றாலிங்கம். வேல்சாமி தினமும் வீட்டுக்குப் போய் அன்றைய கதையை மனைவி ஆவுடையம்மாளுக்குச் சொல்வார். அவள் கடைக்கு வந்ததே இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்களைவிட அவளுக்குக் கதை நன்றாகத் தெரியும் என்பார்கள்.

மூன்றாம் பாகம் வந்தது அறுபத்திரண்டில். அது முழுக்கப் போர். நிழல் நாட்டுப் படை மூடுபனியைக் கூட்டிக்கொண்டு வந்து மலைக் கணவாய்களில் இறங்குகிறது. பறவைகள் பேசுவதை நிறுத்திவிடுகின்றன. முதல் பாகத்தில் எல்லாரும் புறப்படுவார்கள், கடைசிப் பாகத்தில் மிஞ்சியவர்கள் வந்து சேர்வார்கள். நடுப் பாகத்தில் இருப்பவனுக்கு எதற்காகப் புறப்பட்டோம் என்பது மறந்துபோயிருக்கும், எங்கே போய் முடியும் என்பதும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது அன்றைய பொழுது ஒன்றுதான். எழுதியவர் இதை அறிந்து எழுதினாரா, எழுதும்போது தானாக அமைந்ததா என்று சொல்ல முடியவில்லை. கொற்றன் கையிலும் ஓர் ஈட்டியைக் கொடுத்து வெண்கணவாயில் நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஐப்பசியில் வடக்கே சீனாக்காரனோடு நிஜமாகவே சண்டை மூண்டது. சுடலைமாடன் அஸ்ஸாமுக்கு அப்பால் ஏதோ மலையில் இருக்கிறான் என்பது மட்டும் வேல்சாமிக்குத் தெரியும். காலையில் துல்கர்னைன் பத்திரிகையை வாசித்தால் வாயில் நுழையாத ஊர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மத்தியானம் கதையை எடுத்தால் அங்கேயும் கணவாய்கள் விழுந்தன. ஒருநாள் பாதியில் வேல்சாமி சொன்னார்:

"பேப்பர மடக்கி வையுங்க அண்ணாச்சி. கதையப் படிங்க."

"ரெண்டும் சண்டதானவே?" என்றார் குற்றாலிங்கம்.

"அதுல ஊரு பேராச் சொல்லுதான். இதுல ஆளு பேராச் சொல்லுதாம்லா."

துல்கர்னைன் பேப்பரை மடக்கி வைத்தார். அன்று முதல் காலையிலும் கதைதான்.

துல்கர்னைன் அன்றன்று வாசிக்க வேண்டிய பக்கங்களை விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் வீட்டில் ஒருமுறை மனசுக்குள் படித்துக்கொள்வார். ஒரு நாள் அப்படிப் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி ஜாஹிரா பீவி ஆப்பத்தை வைத்துவிட்டுப் போனவள் திரும்பி வந்து பார்த்தாள்.

"என்ன, ஆப்பம் ஆறிக் கெடக்கு. கல்லு மாரி இருக்கிய?"

"படகோட்டி மௌத்தாயிட்டான்."

"யா அல்லா! எந்தப் படகோட்டி?"

"கதையில."

"நல்லா வந்திய போங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு."

சேனாபதி ஒருவர் சாவதற்கு ஒன்பது பக்கம் எழுதியிருந்தார் அந்த ஆசிரியர். அவர் குதிரை சாவதற்கு ஒரு பக்கம். கொற்றனுக்குக் கிடைத்தது ஒரே வரி: 'அன்று வெண்கணவாயில் விழுந்தவர்களில் படகோட்டி கொற்றனும் ஒருவன்.' அடுத்த வரியில் கதை வேறு நாட்டுக்குப் போய்விட்டது.

மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர் கடைக்குப் போகவில்லை. வழக்கம் போலவே வாசித்தார். பனி கணவாயில் இறங்கியது. கைகள் வேகம் குறைந்தன. அந்த வரிக்கு மேலே உள்ள வரியில் அவர் ஒரு கணம் தலை நிமிர்ந்தார். வேல்சாமியின் கை, பாதி சுற்றிய இலையோடு அந்தரத்தில் நின்றிருந்தது. கதை கேட்கிற முகமாக அது இல்லை. தந்தி வாசிக்கப்படுவதைக் கேட்கிற முகம்.

"அன்று வெண்கணவாயில் காணாமற்போனவர்களில் படகோட்டி கொற்றனும் ஒருவன்" என்று வாசித்தார் துல்கர்னைன்.

'பிழைத்தவர்களில்' என்றுகூட வாசித்திருக்கலாம். அவ்வளவு பெரிய பொய்க்கு அவர் நாக்கு வளையவில்லை. ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைக்கத் தனக்குத் தெரிந்த சொல் ஒன்றை வைத்தார். அந்தச் சொல் என்ன செய்யும் என்பது மற்றவர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தவருக்கே அந்த நேரத்தில் அது இரக்கமாகத் தோன்றியது என்பதுதான் இதில் யோசிக்க வேண்டியது.

கடையில் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"காணாமப் போனானா? எங்கவே போவான்?" என்றார் ஒருவர்.

"பனிக்குள்ள போயிருப்பான். மூணாம் பாகத்துல காணாமப் போனவன் நாலாம் பாகத்துல வந்து நிப்பாம்லா. கதைக்காரன் சும்மா விடுவானா?" குற்றாலிங்கம் சொல்லிவிட்டு வேல்சாமியின் தொடையில் தட்டினார். "சுத்தும்வே, ஒம்ம மவன் வந்துருவான்."

வேல்சாமி அந்தப் பீடியைச் சுற்றி முடித்து, துல்கர்னைனின் சுளகில் வைத்தார்.

சண்டை நின்றது. சில வாரம் கழித்து, முற்பகல் நேரத்தில் வேல்சாமி சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் கடைக்கு ஓடிவந்தார். கையில் பட்டாளத்துத் தந்தி. தபாலாபீஸில் வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணாச்சி! நீங்க வாசிச்ச மாரியே வந்துருக்கு! அதே சொல்லு, அண்ணாச்சி. காணவில்லைன்னு போட்டுருக்கு. எறந்துட்டான்னு இல்ல. காணவில்ல!"

அவர் முகத்தில் ஏறக்குறைய ஒரு சந்தோஷம் இருந்தது. கடையில் இருந்தவர்களும் எழுந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். துல்கர்னைன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் தந்தியை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்தச் சொல் எது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வருஷம் பிடிபட்டவர்களைச் சீனாக்காரன் திருப்பி அனுப்பினான். பக்கத்துச் சுரண்டையில் அப்படி ஒரு பையன் வந்து சேர்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு வேல்சாமி பஸ் ஏறிப் போனார். அந்தப் பையன் வேறு படைப்பிரிவு, சுடலைமாடனைப் பார்த்ததே இல்லை. "ஆனா அங்கன பனி ரொம்ப ஜாஸ்தி மாமா, பக்கத்துல நிக்கவன் தெரிய மாட்டான்" என்று சொல்லியிருக்கிறான். வேல்சாமி அதை ஒரு நல்ல செய்தி போலக் கொண்டுவந்து வீட்டில் சொன்னார். ஆவுடையம்மாள் அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள்.

நாலாம் பாகம் அறுபத்தினாலில் வந்தது. செத்தவன் எப்படி வருவான்? பக்கத்துக்குப் பக்கம் துல்கர்னைன் முன்னாலேயே புரட்டிப் பார்த்தார். ஒரே ஓர் இடத்தில் 'மாண்டுபோன கொற்றனின் படகு' கரையில் கிடப்பதாக ஒரு சொற்றொடர். அதை விட்டுவிட்டு வாசித்தார். ஒரு பொய்யைக் காக்க இரண்டாவது தேவைப்பட்டது. தினமும் கடையை மூடும் நேரத்தில் வேல்சாமி கேட்பார்:

"இன்னைக்கும் வரலியோ அண்ணாச்சி?"

"இன்னைக்கு இல்ல."

இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்து போவது நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே வந்தது. நாலாம் பாகம் முடிந்த நாளில் வேல்சாமி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கடைசிப் பாகம் இன்னும் அச்சாகவில்லை.

அறுபத்தாறு ஆடியில், துல்கர்னைனைக் கடைக்கு வெளியே அழைத்துப் போய் வேல்சாமி சொன்னார்:

"அண்ணாச்சி, பய வரமாட்டான். எனக்குத் தெரிஞ்சிட்டு. இந்த அமாவாசைக்குக் குத்தாலத்துல எள்ளும் தண்ணியும் விட்டுரலாம்னு நெனைக்கேன். எத்தன வருசத்துக்குத் தொண்டையில வச்சிட்டே இருக்கது?"

"செய்யும் வேல்சாமி."

"அவ விடணும்லா! உசிரோட இருக்க புள்ளைக்கு எள்ளு எறைக்கதுக்கு நீ தகப்பனான்னு கேக்கா. படகோட்டியும் காணாமத்தான போனான், கத இன்னும் முடியலல்லாங்கா. நா சொன்னா எடுபட மாட்டேங்கி. நீங்க வாசிச்சதத்தான் புடிச்சிட்டு நிக்கா. நீங்களே வந்து ஒரு சொல்லு சொல்லிப்போடுங்க அண்ணாச்சி. அது வெறுங்கதைன்னு."

துல்கர்னைன் மூன்றாம் பாகத்தை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

அமாவாசையன்று இருவரும் காலை பஸ்ஸில் குற்றாலம் போனார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசனில் ஆவுடையம்மாள் அருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தான் வைத்து விற்பாள். பெட்டிகளுக்கு மேலே ஒரு கோணியைக் கட்டி அதன் கீழ் உட்கார்ந்திருந்தாள். ஈரத் தலையும் எள்ளுப் பொட்டலமுமாக ஜனங்கள் அருவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். வேல்சாமி மடியிலும் ஒரு பொட்டலம் இருந்தது.

"வாங்க அண்ணாச்சி. ஒங்களயும் இழுத்துட்டு வந்துட்டாரா? அந்தப் பெட்டி மேல இருங்க, நனையாது" என்றாள் அவள். பிறகு கணவரைப் பார்த்து, "சாட்சிக்கு ஆளு புடிச்சிட்டு வந்திய, என்ன?" என்றாள்.

துல்கர்னைன் துண்டை அவிழ்த்தார். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பக்கத்தைத் தேடினார். தேட வேண்டிய தேவை இல்லை, புத்தகம் அந்த இடத்தில் தானாகத் திறந்தது.

"தங்கச்சி, இதக் கேளு. அச்சுல இருக்கபடி படிக்கேன். 'அன்று வெண்கணவாயில் விழுந்தவர்களில் படகோட்டி கொற்றனும் ஒருவன்.'"

"விழுந்தவங்கன்னா?"

"செத்தவங்க."

முதலில் புரிந்துகொண்டது வேல்சாமிதான். தலையைத் திருப்பி, எதிரே போகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நீங்க வேற மாரில்லா படிச்சியளாம்?" என்றாள் ஆவுடையம்மாள்.

"மாத்திப் படிச்சேன்."

"ஏன்?"

"இவரு கை நின்னுபோச்சு, தங்கச்சி. அதப் பாத்துட்டு வாயில வரல."

"நாலாம் பாகத்துலயும்?"

"ஆமா."

அவள் பெட்டியில் கிடந்த ஒரு பழத்தை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள்.

"அப்ப, ஒரு சொல்ல எடுத்துட்டு இன்னொண்ண வைக்க முடியுது."

"முடியுது. ஆனா அது தப்பு. நா செஞ்சது தப்பு."

"தப்பா சரியான்னு நா கேக்கல. இத எழுதுனாம்லா, அவன் அங்கன நின்னு பாத்தானா?"

"அது கத, தங்கச்சி. அவன் நெனச்சு எழுதுனது."

"அவனும் நெனச்சுதாஞ் சொல்லுதான், நீங்களும் நெனச்சுதாஞ் சொன்னிய. பட்டாளத்துக்காரனும் பாக்கல, சுரண்டப் பயலும் பாக்கல. ஒருத்தனும் பாக்காததுக்கு இவரு எள்ளு வாங்கிட்டு வந்துருக்காரு." அவள் குரல் உயரவில்லை. "அவன் சொன்னத நா ஏன் எடுக்கணும்? எனக்கு ஒங்களது போதும்."

துல்கர்னைன் வாயைத் திறந்தார். சொல்வதற்கு அவரிடம் நியாயங்கள் இருந்தன. சோறு கேட்காத, பேச்சுக் கொடுக்காத காணாமற்போனவனை ஒரு வீடு எப்படிச் சுமக்கும் என்று அவரால் சொல்லியிருக்க முடியும். நாள் குறித்து அழுவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று சொல்லியிருக்க முடியும். அவள் முகத்தைப் பார்த்தபோது அவை எல்லாம் உண்மையாக மட்டுமே இருந்தன, அதற்கு மேல் அவற்றுக்கு வலு இல்லை.

"அன்னைக்குப் படிச்ச மாரி ஒருக்கப் படிங்க அண்ணாச்சி" என்றாள். "இவரு வந்து சொல்லிக் கேட்டதுதான். ஒங்க வாயால நா கேட்டதில்ல."

"வேண்டாம் தங்கச்சி."

"படிங்க."

அவர் வேல்சாமியைப் பார்த்தார். வேல்சாமி இன்னும் திரும்பவில்லை. ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

துல்கர்னைன் பக்கத்தின் மேல் குனிந்தார். அச்செழுத்துகள் தெளிவாக இருந்தன. அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில், ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்:

"அன்று வெண்கணவாயில் காணாமற்போனவர்களில் படகோட்டி கொற்றனும் ஒருவன்."

முதல் தடவை அதைச் சொன்னபோது கேட்டவர்களுக்கு அது பொய் என்று தெரியாது. இப்போது மூன்று பேருக்கும் தெரியும். முன்பு அது இரக்கமாக இருந்தது. இப்போது அது என்ன என்று அவருக்கு விளங்கவில்லை.

வேல்சாமி மடியிலிருந்த எள்ளுப் பொட்டலத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு அருவிப் பக்கம் போகாமல் குனிந்து, நனையாத இடமாகப் பார்த்து, பெட்டிகளுக்கு நடுவே அதைச் செருகினார். வைத்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

குளித்துவிட்டு ஈர உடையோடு வந்த ஒரு குடும்பம் பழத்துக்கு முன்னால் நின்றது.

"இனிக்குமா அம்மா?" என்று கேட்டாள் அதில் ஒரு பெண்.

ஆவுடையம்மாள் ஒரு மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தி உடைத்து, வெள்ளைச் சுளைகளை அவள் முன்னால் நீட்டினாள்.

"தின்னு பாத்துட்டு வாங்கு தாயி" என்றாள். "நல்லா இருந்தா எடு."